மூன்றாவது கையெழுத்து

ஸ்டுட்கார்ட்
4 மே 2025

பெரியம்மாவுக்கு வணக்கம்.

தபாலில் லெட்டர் வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். தேனுஜாவுக்குக் கோபத்தில் தட்டியதெல்லாம் போன வருஷம் குடும்பக் கோர்ட்டில் பதினேழு பக்கமாக அச்சாகி வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். நான் அனுப்பிய கட்டைவிரல் படத்தைக்கூட அவளுடைய வக்கீல் விட்டுவைக்கவில்லை. கையால் எழுதினால், கோபம் வருவதற்குள் கை வலித்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் மிதுசாவுக்கு ஆறு வயது முடிந்தும் இன்னும் காது குத்தவில்லை. ஆகஸ்ட் 1, ஆடி வெள்ளி, திண்டுக்கல் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் அப்பா நாள் குறித்துவிட்டார். ஜூலை 19 கிளம்பி ஆகஸ்ட் 10 திரும்பிவிடுவோம். அங்கே உங்கள் ஊர் ஹம்மில் அவளுக்கு ஸ்கூல் தொடங்குவது ஆகஸ்ட் 28 தான்.

நாங்கள் பிரிந்திருந்தாலும் பிள்ளையின் பொறுப்பு இரண்டு பேருக்கும் சமம். தேனுஜா சம்மதக் கையெழுத்து போடாமல் நான் அவளை விமானம் ஏற்ற முடியாது. குழந்தைகள் நல அலுவலகத்தில் கேட்டால், முதலில் உங்களுக்குள் பேசிப் பாருங்கள் என்கிறார்கள். எங்களுக்குள் பேச்சு இருந்தால் நான் ஏன் அங்கே போய் உட்காரப்போகிறேன்?

தேனுஜாவையும் நிதுசனையும் அவர்கள் அம்மா போனபிறகு வளர்த்தது நீங்கள். எங்கள் கல்யாணத்துக்கு, "இந்தியாக்காரர் எண்டாலும் நல்ல பிள்ளை" என்று எல்லோரிடமும் எனக்காகப் பேசியதும் நீங்கள். இன்னும் ஒரு தடவை பேசுங்கள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

கௌஷிக்


ஹம்
12 மே 2025

அன்புள்ள தம்பி கௌஷிக்,

உங்கள் காகிதம் கிடைத்தது. எழுத்து வடிவாக இருக்கிறது. 'ழ' மட்டும் அவசரப்படுகிறது. இந்த ஊர்ப் பள்ளிகளில் இருபத்தாறு வருடம் தாய்மொழி வகுப்பு எடுத்தவளின் கண் ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனுஜாவிடம் சொன்னேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தவள், சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள். "இந்தியாவுக்கோ? அங்க வச்சிருந்தா ஆர் திருப்பித் தருவினம்?" என்றாள். பிறகு குளிக்கப் போய்விட்டாள்.

அவள் கேட்டதில் ஒரு சங்கதி இருக்கிறது, தம்பி. தாயோ தகப்பனோ ஒருவர், மற்றவரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வேறு நாட்டில் வைத்துக்கொண்டால், பிள்ளை வாழ்ந்த நாட்டுக்கே அதைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று ஓர் உடன்படிக்கை உண்டு. ஹேக் உடன்படிக்கை என்பார்கள். ஜெர்மனி அதில் சேர்ந்திருக்கிறது. இலங்கையும் சேர்ந்திருக்கிறது. இந்தியா இன்றுவரை சேரவில்லை.

பிள்ளைகளுக்கு நான் இதை இப்படிச் சொல்லுவேன். ஒரு நூலகத்தில் எடுத்த புத்தகத்தை அடுத்த ஊர் நூலகத்தில் கொடுத்தாலும், இரண்டும் ஓர் ஒழுங்குக்குள் இருந்தால், புத்தகம் தன் அலுமாரிக்கு வந்து சேரும். ஒழுங்கில் சேராத நூலகத்தில் கொடுத்தால்? அங்கே இருப்பவர் நல்லவராக இருந்தால் அனுப்பிவைப்பார். நல்லவராக இருந்தால்.

நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று நான் எழுதவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. உங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் இல்லாமல் அந்தச் சடங்கே இல்லை என்று உங்கள் அப்பா பாஸ்கரன் ஐயா கல்யாணப் பந்தியில் என்னிடம் சொன்னார். மிதுசாவுக்கு ஒரேயொரு தாய்மாமன். நிதுசன் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை. நாளும் கோயிலும் குறித்தவர்கள் மடியைக் குறிக்கவில்லையே, ஏன்?

இங்கே ஹம்மிலேயே அம்பாள் கோயில் இருக்கிறது. அது வேண்டாமென்றால் யாழ்ப்பாணத்தில் வையுங்கள். உங்கள் ஆட்களுக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் கொஞ்ச நேரம்தான்.

பதில் எழுதுங்கள். சாப்பாட்டைக் கவனியுங்கள், உங்கள் கடிதத்தில் கோப்பிக் கறை மட்டும்தான் இருந்தது.

மகாதேவி


ஸ்டுட்கார்ட்
19 மே 2025

பெரியம்மா,

எங்கள் குலதெய்வத்துக்கு ஜெர்மன் விசா கிடைக்காது. இலங்கை விசாவும் கேட்டதில்லை. அது ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. நாங்கள்தான் அங்கே போக வேண்டும்.

இந்தியா ஏன் சேரவில்லை என்று தேடிப் படித்தேன். வெளிநாட்டில் புருஷனிடம் அடிவாங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு ஓடிவருகிற பெண்கள் நிறையப் பேர். சேர்ந்துவிட்டால் அந்தக் குழந்தைகளை அடித்தவன் இருக்கும் நாட்டுக்கே அனுப்ப வேண்டிவரும். அதனால்தான் தயங்குகிறோம் என்கிறார்கள். பெண்களைக் காப்பாற்றச் சேராமல் இருக்கிறது என் நாடு. உங்களுக்கு அது திருட்டு நூலகமாகத் தெரிகிறது.

உங்கள் நாடு சேர்ந்திருக்கிறதாம். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இலங்கை 1991லேயே சேர்ந்துவிட்டது என்று வருஷாவருஷம் நவம்பரில் நீங்கள் வகுப்பில் சொல்வீர்கள் என்று தேனுஜா ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அங்கே குழந்தைகள் தலையில் என்ன விழுந்தது? நீங்கள் உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஊர், ஒரு பேப்பரில் பெயர் இருப்பதால் என் மகளுக்குப் பத்திரம். நான் பிறந்த ஊர் ஆபத்து. அப்படித்தானே?

மடியைப் பற்றிக் கேட்டீர்கள். நிதுசனையே கேளுங்கள். ஈஸ்டருக்கு முன்னாலேயே அவனுக்குப் பத்திரிகையும் டிக்கெட்டும் அனுப்பியாயிற்று. சந்தேகப்படுவதற்கு முன்னால் சொந்த வீட்டில் ஒரு தடவை தேடியிருக்கலாம்.

கௌஷிக்


ஹம்
2 ஜூன் 2025

அன்புள்ள தம்பி,

தேடினேன். கிடைத்தது.

நிதுசனைச் சாப்பிடக் கூப்பிட்டு, மூன்றாவது இடியப்பம் வைக்கும்போது கேட்டேன். அவன் கை அப்படியே நின்றது.

"அது... காருக்குள்ள கிடக்கு, பெரியம்மா."

"எவ்வளவு நாளாய்?"

"ஈஸ்டருக்கு முன்னமிருந்து. அக்காவுக்குச் சொன்னா என்னையும் சேர்த்து வீட்டை விட்டுக் கலைச்சுப்போடுவா. அத்தானுக்கு ஏலாதெண்டு சொல்லவும் மனமில்ல. அதுதான் அப்பிடியே வச்சிட்டன்."

கார் லாச்சிக்குள்ளே, தரிப்பிடத் தண்டக் காகிதங்களுக்கு அடியில், மஞ்சள் பூசிய பத்திரிகை. தேனுஜா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தம்பியின் தலையில் அதனாலேயே ஒரு தட்டுத் தட்டினாள். "மாமனாம் மாமன்!" என்றாள். உங்களைப் பிழையாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதைச் சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பதில் சொல்லவேண்டும். அடிவாங்கி ஓடிவரும் பெண்ணைச் சட்டம் துரத்தக் கூடாது என்பது நியாயம். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இங்கே பிள்ளையோடு விமானம் ஏறப்போவது பெண் அல்லவே, தம்பி.

இலங்கையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். உண்மைதான். கையெழுத்து யாருடைய தலையிலும் விழுந்ததைத் தடுக்கவில்லை. ஜெர்மனியும் அப்படித்தான்: 1992இல் அதே குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சேரும்போது, வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே வருவதும் தங்குவதும் தன் சட்டப்படிதான் என்று ஒரு வரியைத் தனியாக எழுதிவைத்துக்கொண்டு சேர்ந்தது. அந்த வரியை எடுக்கப் பதினெட்டு வருடம் எடுத்தது. அந்தப் பதினெட்டு வருடமும் என் வகுப்பில் அகதிப் பிள்ளைகள் இருந்தார்கள். எந்தப் பிள்ளை நாளை வராது என்று தெரியாமல் வருகைப் பதிவு எடுத்திருக்கிறேன்.

பிறகு ஏன் இதையெல்லாம் படிப்பித்தேன்? சேர்ந்தவர்களிடம் போய், 'நீ சொன்னாயே' என்று கேட்கலாம். அந்த வரியை எடுக்க வைத்தவர்கள் அதைத்தான் பதினெட்டு வருடம் கேட்டார்கள். கையெழுத்து ஒருவரை நல்லவராக்காது. கேட்பதற்கு ஓர் இடம் தரும். சேராதவரிடம் அந்தக் கேள்வியைத் தொடங்கவே முடியாது.

இனி ஒன்று. நேற்று மிதுசா என் சமையலறைக் கதவில் முதுகை ஒட்டி நின்று, "என்ர உயரம் எவ்வளவு? அப்பப்பா கேக்கிறார்" என்றாள். உங்கள் அப்பா வீடியோவில் கேட்டாராம். சட்டைக்கும் பாவாடைக்கும், நீலமும் வெள்ளையுமாக. "எல்லாப் பிள்ளையளும் ஒரே மாதிரிப் போடுவினமாம். அது கார்னிவல் உடுப்பு" என்று எனக்கு விளக்கமும் சொன்னாள்.

இந்த நாட்டில் பள்ளிச் சீருடை இல்லை, கார்னிவலுக்கு வேஷம் கட்டுவதுதான் உண்டு. அவளுக்கு வேறெப்படி விளங்கும்? எனக்கு விளங்கியது. தேனுஜாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்: மூன்று கிழமைக்குப் போகிற பிள்ளைக்குச் சீருடை எதற்கு?

மகாதேவி


ஸ்டுட்கார்ட்
9 ஜூன் 2025

பெரியம்மா,

அது பட்டுப்பாவாடைக்கு அளவு. சடங்குக்குப் புதுத்துணி எடுக்க மாட்டார்களா? நீலம், வெள்ளை என்பதெல்லாம் குழந்தை தானாகச் சேர்த்துக்கொண்டது.

திரும்பிவரும் டிக்கெட்டின் நகல் இதோடு இருக்கிறது. மூன்று பேர் பெயரும் இருக்கிறது, நிதுசன் உட்பட. இதற்கு மேல் என்ன வேண்டும்? கூடவே ஒரு போலீஸ்காரருக்கும் டிக்கெட் எடுக்கட்டுமா? ஜன்னலோர சீட் கொடுக்கிறேன்.

எனக்கும் சந்தேகம் இருக்கிறது, தெரியுமா? இந்த லெட்டர்களை நீங்கள் எங்கே வைக்கிறீர்கள்? பதினெட்டாவது பக்கமாக வக்கீலிடம் போகாது என்று எனக்கு யார் சொல்வது? வாரக்கடைசியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலேறி, இரண்டு மாறி, ஹம்முக்கு வந்து ஆறு மணி நேரம் மகளைப் பார்க்கிறேன். ஞாயிறு சாயங்காலம் அவள் உங்கள் வீட்டுப் படியேறும்போது, அடுத்த வாரம் தருவார்களா என்று நினைக்காமல் நான் ஒரு நாளும் ஸ்டேஷனுக்கு நடந்ததில்லை. இரண்டு பேரும் ஒரே நாட்டில்தான் இருக்கிறோம். எல்லா உடன்படிக்கையிலும் சேர்ந்த நாடு.

கௌஷிக்


ஹம்
17 ஜூன் 2025

அன்புள்ள தம்பி,

உங்கள் காகிதங்கள் என் தையல் பெட்டிக்குள் இருக்கின்றன. நூல்கண்டுகளுக்குக் கீழே. வக்கீல் அங்கே வரமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடையைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தேனுஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். மற்றதை வாசிக்கவில்லை. அவள் சமைத்ததை அடுப்பில் கருகவிட்டாள்.

பட்டுப்பாவாடை என்கிறீர்கள். இருக்கலாம். பட்டுப்பாவாடையை 'எல்லாப் பிள்ளையளும் ஒரே மாதிரிப் போடுவினம்' என்று யாரும் சொல்வதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நானே எழுதியது. உலகமெல்லாம் சேரவேண்டிய உடன்படிக்கைக்கு நாங்கள் காத்திருக்க ஏலாது. எங்கள் இரண்டு குடும்பமாவது சேரலாம். மூன்றே விடயங்கள். ஓகஸ்ட் 10ஆம் திகதி பிள்ளை திரும்ப வரும். அங்கே இருக்கும்வரை நாள்தோறும் தாயோடு பேசும். பிள்ளையின் கடவுச்சீட்டு தாய்மாமன் கையில் இருக்கும். கீழே மூன்று கையெழுத்துக்கு இடம்: தேனுஜா, நீங்கள், உங்கள் அப்பா.

இதற்குப் பின்னால் எந்தப் பொலிசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. பிறகு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு வருடம் என் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து வகுப்பு விதிகள் எழுதி, சுவரில் ஒட்டி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சிசிலி என்று ஒரு பெண்பிள்ளை மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "நாலாவது விதியை என்னால கடைப்பிடிக்க ஏலாது, டீச்சர். நான் கதைப்பன்" என்றாள். கையெழுத்துப் போட்ட இருபது பேரில் யார் எதை மீறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. சிசிலியைப் பற்றி மட்டும் அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

தாளை ஊருக்கு அனுப்பிவையுங்கள்.

மகாதேவி


ஸ்டுட்கார்ட்
1 ஜூலை 2025

பெரியம்மா,

தாளை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். என் கையெழுத்து இருக்கிறது. அவர் இடம் காலி.

போனில் என்ன சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன். "என் பேத்தியை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வர நான் எவளுக்குடா எழுதிக் குடுக்கணும்?"

அவர் கையெழுத்தை நானே போட்டிருக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் மார்க் ஷீட்டில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. பேனாவை எடுத்தும் பார்த்தேன். பிறகு அப்படியே உறையில் போட்டுவிட்டேன்.

இனி உங்கள் இஷ்டம்.

கௌஷிக்


ஹம்
8 ஜூலை 2025

அன்புள்ள தம்பி,

தேனுஜா கையெழுத்துப் போட்டுவிட்டாள், இரண்டிலும். பயணச் சம்மதப் பத்திரம் இதோடு வருகிறது.

நான் போடச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்றுதான் சொன்னேன். உங்கள் அப்பாவின் வெற்றிடத்தைக் காட்டி, "இதைப் பார், அவர் வடிவாய்ச் சொல்லிப்போட்டார்" என்றேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அவர் போடேல்ல. இவர் அதை மறைக்கேல்ல, பெரியம்மா" என்றாள். "கள்ளமாய் ஒரு கீறுக் கீறி அனுப்பியிருந்தா எங்களுக்குத் தெரியவாபோகுது? அனுப்பேல்ல." பிறகு பேனா கேட்டாள்.

ஆகவே என்னைவிட என் பிள்ளை பெரிய மனதுக்காரி. எனக்கு இன்னும் பயம்தான். அந்த நீலமும் வெள்ளையும் கண்ணை விட்டுப் போகவில்லை. தேனுஜாவுக்கும் இப்போது அதைச் சொல்லிவிட்டேன், தெரிந்துதான் போட்டிருக்கிறாள். அவள் வாழ்க்கையில் வேறு எந்தக் காகிதத்திலும் இவ்வளவு பெரிய கையெழுத்தைப் போட்டதில்லை.

நிதுசன் வேட்டி கட்டப் பழகுகிறான். இடுப்பில் நிற்கவில்லை. மேலே பெல்ட் போடட்டுமா என்கிறான். கடவுச்சீட்டை அவனிடம் கொடுத்தாயிற்று.

போய் வாருங்கள்.

மகாதேவி


ஹம்
4 ஓகஸ்ட் 2025
(தபாலில் போடாதது)

கௌஷிக்,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையோடு பிள்ளையின் குரல் நின்றது. இன்று திங்கள். உங்கள் போன் இல்லை. நிதுசனின் போன் மணியடிக்கிறது, எடுக்கிறான் இல்லை. தேனுஜா வேலைக்குப் போகவில்லை. மேசையில் இரண்டு தாள்களையும் விரித்து வைத்துக்கொண்டு தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹேக் உடன்படிக்கை அலுவல்களைப் பார்க்கும் மத்திய அலுவலகத்துக்கு நான் போன் எடுத்தேன். சேர்ந்த நாடென்றால் உடனே தொடங்கலாம், இந்தியாவுக்கு எங்களால் அதிகம் செய்ய ஏலாது என்று அந்தப் பெண் மிக மரியாதையாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த பதிலைத்தான் சொன்னாள்.

உங்களை நல்ல பிள்ளை என்று எல்லோரிடமும் சொன்னவள் நான். முதலில் பிழை விட்டது நான்தான்.

மகாதேவி


ஸ்டுட்கார்ட்
13 ஆகஸ்ட் 2025

பெரியம்மா,

ஞாயிற்றுக்கிழமை மிதுசாவை வாசலில் விட்டுவிட்டு, தேனுஜாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடிவந்துவிட்டேன். நிதுசன் எதையும் சொல்லியிருக்க மாட்டான். அவனைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டது நான். நானே சொல்கிறேன்.

பட்டுப்பாவாடை பொய். அது சீருடைதான். அப்பா அங்கே ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு அவள் பெயரைப் பதிந்திருந்தார். மே மாதமே எனக்குத் தெரியும். சரி என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிக்கெட் எடுக்கும்போது இரண்டும் மனதில் இருந்தது. நீங்கள் சந்தேகப்பட்ட ஆளும் நான்தான், லெட்டர் எழுதிய ஆளும் நான்தான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நிதுசன் வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டு உட்கார்ந்தான். "என்ன மாப்ள, வேட்டி ஓடிப்போயிருமா?" என்று அப்பாவே கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். மிதுசாவை அவன் மடியில் வைத்தேன். ஆசாரி இடது காதைத் துடைத்தார். "வலிக்கவே வலிக்காது, கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரி" என்றேன்.

குத்தியதும் அவள் அழவில்லை முதலில். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நோகாதெண்டு நீங்கள் சொன்னீங்கள்தானே, பப்பா" என்றாள். பிறகுதான் அழுதாள். நிதுசன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மற்றது வேண்டாம், மற்றது வேண்டாம்" என்று ஒரே அலறல். அப்பா, "பாதியில நிறுத்தக்கூடாதுடா, சாமிக் குத்தம், புடிங்கடா தலையை" என்றார். ஆசாரி கையில் கம்பியோடு என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் அப்பாவிடம் நான் சொன்ன முதல் 'வேண்டாம்' அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் ஒரு காதோடு வந்திருக்கிறாள்.

மத்தியானம் அப்பா திண்ணமாகச் சொன்னார். "நீ கிளம்பு. புள்ளை இங்க இருக்கட்டும். எந்தக் கோர்ட்டு இங்க வந்து கேக்கும்?" பக்கத்து அறையில் சீருடை இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நான் நிதுசனிடம் போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். ஆமாம், கேட்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. "தர ஏலாது, அத்தான். ரெண்டு நாள் பெரியம்மாட்ட சொல்லாம இருக்கிறன். அதுக்கு மேல ஏலாது" என்று சொல்லிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். சாப்பாடும் அங்கேயேதான். போன் வந்தால், பொய் சொல்ல வேண்டிவரும் என்று எடுக்கவில்லை. நானும் அணைத்துவைத்தேன். உங்கள் தாளின் இரண்டாவது வரியை மீறியது நான்தான், அவன் இல்லை.

திங்கட்கிழமை மிதுசா வந்து என் மடியில் உட்கார்ந்தாள். காது சிவந்து, கம்பியைச் சுற்றி வீங்கியிருந்தது. "பத்தாம் தேதி போறம்தானே, பப்பா?" என்று கேட்டாள். 'இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு பொய்யைச் சொல்ல முடியவில்லை. "ஓம்" என்றேன். என் வாயில் உங்கள் ஊர் 'ஓம்' வந்தது அன்றைக்குத்தான். அன்று ராத்திரிதான் போனைத் திறந்து அவளைத் தேனுஜாவோடு பேசவைத்தேன்.

ஆறாம் தேதி அப்பாவிடம் சொன்னேன். 'நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்' என்றேன். அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை.

இந்த லெட்டரை நீங்கள் தையல் பெட்டிக்குள் வைத்தாலும் சரி, வக்கீலிடம் கொடுத்தாலும் சரி.

கௌஷிக்


ஹம்
20 ஓகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி கௌஷிக்,

இதற்குள் இன்னொரு கடிதம் இருக்கும். ஓகஸ்ட் 4இல் எழுதி, தபாலில் போடாமல் வைத்திருந்தது. நீங்கள் உங்களுடையதைத் திறந்து காட்டினீர்கள். நான் என்னுடையதை ஒளித்து வைக்கக் கூடாது. தம்பி என்று எழுதக் கை வரவில்லை என்று அதில் இருக்கும். இன்று வருகிறது.

உங்கள் கடிதத்தைத் தேனுஜா மூன்று தரம் வாசித்தாள். முதல் தரம் பாஸ்போர்ட் கேட்ட இடத்தில் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் தரம் முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, "மற்றக் காது இஞ்ச குத்துவம்" என்றாள். "அம்பாள் கோயில்ல. அவள் தானாய் ஓம் எண்டு சொல்லேக்க."

"சரி" என்றேன்.

"அவரையும் கூப்பிடுவம்."

"ஆரை? கௌஷிக்கையோ?"

"அவர் வருவார்தானே. மாமாவைச் சொல்றன்."

உங்கள் அப்பாவுக்கு விசா எடுக்க இங்கிருந்து ஒருவர், வந்து தங்கித் திரும்பிப் போகும்வரை தான் பொறுப்பு என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் தேனுஜா டெர்மின் எடுத்து நாளும் குறித்துவிட்டாள், செப்டெம்பர் 16. 'எவளுக்கு எழுதிக் குடுக்கணும்' என்று கேட்டவருக்காக அவள் எழுதிக் கொடுக்கப் போகிறாள். அவர் திரும்பிப் போவார் என்று என்ன நிச்சயம் என்று பகிடியாகக் கேட்டேன். "நிதுசன் வாசல்ல கதிரை போட்டு இருப்பான்" என்றாள். ஒன்றரை வருடத்தில் உங்கள் பேச்சு வந்த இடத்தில் அவள் சிரித்தது இதுதான் முதல்.

சந்தேகம் போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன். அது பொய்யாக இருக்கும். இந்த வீட்டில் இப்போது பொய்க்கு இடம் குறைவு. அடுத்த விடுமுறைக்கும் தாள் எழுதுவேன். அதற்கும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

28ஆம் திகதி வியாழக்கிழமை எட்டரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நில்லுங்கள். முதல்நாள் பிள்ளை கையில் கொடுக்கும் அந்தக் கூம்புப் பை, அவள் நெஞ்சளவுக்கு வந்துவிட்டது. உள்ளே நிதுசன் இனிப்பை அடைத்து வைத்திருக்கிறான். தனியே தூக்க ஏலாது. ஒரு பக்கம் தேனுஜா பிடிப்பாள்.

அப்பாவோடு கதைக்கும்போது இதையும் சொல்லுங்கள். அந்தச் சீருடையைக் கொண்டு வரட்டும். கார்னிவலுக்கு அதுதான் வேண்டும் என்று மிதுசா இன்னும் நிற்கிறாள்; அளவெல்லாம் சரியாக இருக்கும்.

எங்கள் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது இடம் காலியாகவே இருக்கிறது. அவர் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கண்ணில் படும். பக்கத்தில் பேனா ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நான் வாய் திறக்கமாட்டேன்.

மகாதேவி